முவான் விமான நிலையம்: தெரிந்தே தள்ளிப்போட்ட முடிவுகள்

தென்கொரியாவின் தென்மேற்கு மூலையில், மஞ்சள் கடலின் சேற்றுக் கரையை ஒட்டி இருக்கிறது முவான் சர்வதேச விமான நிலையம். 2024 டிசம்பர் 29 அன்று காலை 9 மணி கடந்து சில நிமிடங்களில், பாங்காக்கிலிருந்து வந்த ஜேஜு ஏர் 2216 விமானம் சக்கரங்களை இறக்காமலே ஓடுபாதையில் சறுக்கி, அதைத் தாண்டிப் போய் ஒரு மண்மேட்டில் மோதியது. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். வால்பகுதியில் இருந்த பணியாளர்கள் இருவர் மட்டும் பிழைத்தார்கள். விமானத்துக்குள் என்ன நடந்தது என்பது விசாரணைக்குரிய தனி விஷயம். இந்தக் கட்டுரை விமான நிலையத்தைப் பற்றியது. ஒரு பிராந்திய விமான நிலையம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, எப்படிக் காலியாகக் கிடக்கிறது, அங்கே ஆபத்து எப்படிச் சேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள முவானைவிடத் தெளிவான உதாரணம் வடகிழக்கு ஆசியாவில் கிடையாது. அங்கே பின்னால் சிக்கலான ஒவ்வொன்றும் முன்பே தெரிந்திருந்தது. தெரிந்த பிறகும், அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது.

இடத் தேர்விலிருந்து தொடங்கலாம். முவானுக்கு முன்னால் அந்தப் பகுதிக்கு இரண்டு விமான நிலையங்கள் இருந்தன. ஒன்று மொக்போ. அதன் ஓடுபாதை 1,500 மீட்டர்தான். மோசமான வானிலையில் விமானத்தைத் துல்லியமாக வழிநடத்தும் ஐ.எல்.எஸ். கருவியும் இல்லை. 1993 ஜூலை 26 அன்று ஏசியானா 733 விமானம் அங்கே மூன்றாவது முறையாக இறங்க முயன்றபோது பக்கத்து ஹேனாம் மாவட்டத்தில் மலையில் மோதி 68 பேர் இறந்தார்கள். மாற்று இடம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்த விபத்து வலுச் சேர்த்தது. இரண்டாவது, சுமார் 14 லட்சம் மக்கள் வாழும் குவாங்ஜு நகரத்தின் விமான நிலையம். அது அடிப்படையில் விமானப்படைத் தளம். நகரம் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. போர் விமானங்களின் இரைச்சல் பற்றிய புகார்கள் ஓயவில்லை, ஓடுபாதையை நீட்டவும் வழியில்லை.

இரண்டையும் மூடிவிட்டு நடுவில் ஒன்று கட்டுவது என்பது திட்டம். காகிதத்தில் குறை சொல்ல முடியாத திட்டம்தான். கட்டுமானம் 1999 இறுதியில் தொடங்கியது. அப்போது அதிபராக இருந்த கிம் தே-ஜுங் அதே தெற்கு ஜொல்லா மாகாணத்துக்காரர். முவான் தொகுதியின் செல்வாக்கான அரசியல்வாதி ஹான் ஹ்வா-காப்பின் பெயராலேயே பத்திரிகைகள் இந்த நிலையத்தை அழைத்தன. 30,000 கோடி வோனுக்கு மேல் செலவாகி, 2007 நவம்பர் 8 அன்று 2,800 மீட்டர் ஓடுபாதையோடு திறக்கப்பட்டது. முனையம் ஆண்டுக்கு 51 லட்சம் பயணிகளைத் தாங்கும். எதிர்பார்ப்பு அதற்கும் மேலே, 99 லட்சம் என்று எழுதப்பட்டிருந்தது.

அந்த 99 லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். மொக்போவும் குவாங்ஜுவும் முழுமையாக இங்கே வந்துவிடும், சீனாவுக்கான பயணம் பெருகிக்கொண்டே போகும் என்ற இரண்டு அனுமானங்கள் இல்லாமல் அப்படியொரு எண் வராது. மொக்போ வந்தது. குவாங்ஜுவிலிருந்து 2008-இல் சர்வதேச விமானங்கள் மட்டும் வந்தன. ஜேஜு தீவுக்கும் சியோலுக்கும் போகும் உள்நாட்டு விமானங்கள் குவாங்ஜுவிலேயே தங்கிவிட்டன. முவானின் எழுச்சியும் வீழ்ச்சியும் இந்தப் பாதி முடிவில்தான் இருக்கிறது.

சர்வதேசம் கையில் இருக்கும்போது உள்நாட்டு விமானங்கள் இல்லாதது ஏன் இவ்வளவு பெரிய அடி? ஒரு மலிவுக் கட்டண நிறுவனம் 180 இருக்கை விமானம் ஒன்றை ஒரு ஊரில் நிறுத்தி வைக்கிறது என்றால், அது நாளெல்லாம் பறந்தால்தான் கட்டுப்படியாகும். காலையில் ஜேஜுவுக்குப் போய்த் திரும்பி, பிற்பகலில் ஜப்பானுக்குப் போய்த் திரும்பி, இரவில் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கிளம்ப வேண்டும். ஜேஜு வழித்தடம் உலகிலேயே அதிகம் பறக்கப்படும் உள்நாட்டுச் சந்தையின் ஒரு கிளை. ஆண்டு முழுக்க ஆள் கிடைக்கும். அது குவாங்ஜுவில் இருக்க, முவானில் நிற்கும் விமானம் பகலில் சும்மா கிடக்கும். அதனால் யாரும் அங்கே விமானத்தை நிரந்தரமாக நிறுத்தவில்லை. பருவத்துக்கு வந்து போகும் சுற்றுலா வாடகை விமானங்களே முவானின் பிழைப்பாக இருந்தன. குவாங்ஜுவாசிகள் வெளிநாடு போக வேண்டுமென்றால் பேருந்தில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து சியோலுக்கு அருகே உள்ள இஞ்சியோன் விமான நிலையத்துக்கே போனார்கள். அங்கேதான் தினசரி விமானமும் தேர்ந்தெடுக்க நேரமும் இருந்தன.

இதைச் சரிசெய்ய 2018 ஆகஸ்டில் குவாங்ஜு நகரமும் மாகாணமும் முவான் மாவட்டமும் கையெழுத்துப் போட்டன: 2021-க்குள் உள்நாட்டு விமானங்களும் முவானுக்கு வரும் என்று. 2020 டிசம்பரில் குவாங்ஜு பின்வாங்கியது. பயணிகள் விமானங்களைக் கொடுத்தால் விமானப்படைத் தளத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் நிலை. முவான் செம்மண் பூமி, வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். பயணிகள் விமானம் வரட்டும், போர் விமானம் வேண்டாம் என்று அங்குள்ள விவசாயிகள் சொன்னார்கள். இரு பக்கத்து நியாயமும் புரிகிறது. விடை சொல்ல வேண்டியது மத்திய அரசு. 2007-இல் நிலையத்தைத் திறக்கும்போதே விமானப்படைத் தளத்தை என்ன செய்வது என்று அது தீர்மானித்திருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு மேல் அந்தக் கேள்வி உள்ளூர் அரசுகளின் தலையில் கட்டப்பட்டுக் கிடந்தது.

இதற்கிடையில் ரயில் முந்திக்கொண்டது. 2015 ஏப்ரலில் சியோலிலிருந்து குவாங்ஜுவுக்கு அதிவேக ரயில் வந்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிந்தது. விமானத்தில் பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் சோதனை, காத்திருப்பு, நகரத்துக்குள் போகும் நேரம் எல்லாம் சேர்ந்தால் ரயிலோடு போட்டி போட முடியாது. குவாங்ஜுவிலிருந்து மொக்போவுக்கு நீளும் இரண்டாம் கட்டப் பாதை விமான நிலையம் வழியாகப் போக வேண்டுமா, நேராகப் போக வேண்டுமா என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2017 நவம்பரில்தான் நிலையம் வழியாக என்று முடிவானது. முவான் திறந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. நிலையத்துக்குள் ரயில் வருமா என்று தெரியாமலே ஒரு விமான நிறுவனம் பத்தாண்டுகளுக்கு வழித்தடம் திட்டமிட முடியாது.

எண்கள் இதைத் துல்லியமாகக் காட்டுகின்றன. மிக அதிகமாகப் பயணிகள் வந்த ஆண்டு 2019. அப்போதும் 9 லட்சத்தை எட்டவில்லை. 2023-இல் இரண்டரை லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஒரு நாளைக்கு வருவோர் போவோர் இருவரையும் சேர்த்து 670 பேர். நான்கு விமானங்கள்கூட நிரம்பாது. கொரியப் பத்திரிகைகள் இதற்கு மிளகாய் காயப்போடும் விமான நிலையம் என்று பெயர் வைத்தன. ஓடுபாதையில் சத்தம் கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. பக்கத்துப் பல்கலைக்கழகங்களின் விமானிப் பயிற்சி விமானங்கள் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கணக்கில் விமான எண்ணிக்கை உயர்ந்தது, வருமானம் உயரவில்லை.

செலவோ குறைவதில்லை. சர்வதேச விதிப்படி தீயணைப்பு ஏற்பாடு, வந்து இறங்கும் விமானத்தின் நீள அகலத்தைப் பொறுத்தது. 39.5 மீட்டர் நீளமுள்ள போயிங் 737-800 வருகிறதென்றால் ஏழாம் வகைத் தீயணைப்பு வேண்டும்: இரண்டு நுரைவண்டிகள், மூன்று நிமிடத்துக்குள் ஓடுபாதையின் எந்த முனைக்கும் போய்ச்சேரும் ஆட்கள். விமானம் ஒன்று வந்தாலும் நூறு வந்தாலும் அதே ஏற்பாடுதான். கட்டுப்பாட்டுக் கோபுரம், ஐ.எல்.எஸ். பராமரிப்பு, ஓடுபாதை விளக்குகள், சுங்கம், குடியேற்றம், தொற்றுநோய்ச் சோதனை எல்லாமும் அப்படியே. 2023-இல் முவானின் நஷ்டம் 2,530 கோடி வோன்; அந்த ஆண்டு கொரியப் பிராந்திய நிலையங்களில் அதுவே அதிகம். நஷ்டத்தில் ஓடும் இடத்தில் எதை வெட்டுவார்கள் என்று கேட்டால், விதி எண்ணைச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதவற்றை. பறவை விரட்டும் ஆள் எண்ணிக்கை அவற்றில் ஒன்று.

பறவைகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். முவான் சேற்றுநிலம் 2001-இல் கொரியாவின் முதல் கடலோர ஈரநிலப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2008-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் வலசைப் பாதையில் அது ஒரு முக்கியத் தங்குமிடம். நிலையத்தைச் சுற்றிக் கடல், நீர்த்தேக்கம், அறுவடை முடிந்த வயல் என்று மூன்றும் இருக்கின்றன. விபத்துக்குள்ளான விமானத்தின் இரண்டு எஞ்சின்களிலும் சிக்கியிருந்த இறகும் ரத்தமும் பைக்கால் கிளுவை என்ற வாத்தினுடையவை. அரைக்கிலோ எடைகூட இராத இந்த வாத்து குளிர்காலத்தில் பகலில் நீரில் ஓய்வெடுத்து, இரவில் வயலில் சிதறிய நெல்லைத் தின்னும். ஆயிரக்கணக்கில் ஒரே கூட்டமாக எழும்பி இடம் மாறும். ஒற்றைப் பறவை ஒரு எஞ்சினைப் பாதிக்கலாம். கூட்டமாக வந்தால் இரண்டும் போகும். இரண்டு எஞ்சின் விமானத்தின் பாதுகாப்புக் கணக்கே ஒன்று போனாலும் மற்றொன்று இருக்கும் என்பதில்தான் நிற்கிறது.

2019 முதல் 2024 ஆகஸ்ட் வரை முவானில் 11,004 விமான இயக்கங்களுக்கு 10 பறவை மோதல்கள். கொரியப் பிராந்திய நிலையங்களில் இதுவே அதிக விகிதம். எண்ணிக்கையில் 10 என்பது சிறியது. சியோலின் கிம்போ நிலையத்திலோ ஜேஜுவிலோ மோதல்கள் அதிகம் நடக்கும், ஆனால் அங்கே விமானங்களும் பல மடங்கு. நிர்வாகங்கள் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து ஆட்களைப் பிரிக்கும்போது, விகிதம் அதிகமுள்ள சின்ன நிலையம் கடைசியில் நிற்கிறது. முவானில் பறவை விரட்டுவதற்கு மொத்தம் 4 பேர். பறவைக் கூட்டத்தைத் தொலைவிலிருந்து கண்டுபிடிக்கும் ரேடார் அப்போது கொரியாவின் எந்தப் பயணிகள் நிலையத்திலும் கிடையாது. நிலையத்தின் 3 கிலோமீட்டருக்குள் பழத்தோட்டமோ பன்றிப் பண்ணையோ கூடாது, 8 கிலோமீட்டருக்குள் பறவைச் சரணாலயமோ உணவுக்கழிவு ஆலையோ கூடாது என்று கொரிய விதி சொல்கிறது. கடல் பக்கத்திலேயே இருக்கும்போது விதி என்ன செய்யும்? ஓடுபாதையை 3,160 மீட்டராக நீட்டும் திட்டத்துக்கான சுற்றுச்சூழல் மதிப்பீட்டிலும் மோதல் ஆபத்து எழுதப்பட்டிருந்தது. நீட்டிப்பு வேலைக்காக 300 மீட்டர் மூடப்பட்டு, விபத்து நாளில் 2,500 மீட்டர்தான் பயன்பாட்டில் இருந்தது.

அதே மாதத்தில்தான் ஜேஜு ஏர் முவானிலிருந்து தினசரி சர்வதேச விமானங்களைத் தொடங்கியிருந்தது. பதினேழு ஆண்டுகளாக எதிர்பார்த்த நெரிசல் அப்போதுதான் வரத் தொடங்கியது. அதற்கேற்ற ஆட்களும் கருவிகளும் வந்து சேரவில்லை.

மண்மேடு

ஐ.எல்.எஸ். கருவியின் ஒரு பாகம் லோக்கலைசர். ஓடுபாதையின் மறுமுனைக்கு அப்பால் குறுக்கே வரிசையாக நிற்கும் ஆண்டெனாக்கள் அவை. இறங்கும் விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து இடமா வலமா விலகுகிறது என்பதை அவை அனுப்பும் வானொலி அலை சொல்லும். ஆண்டெனாவிலிருந்து இறங்கும் முனை வரை பார்வை மறைபடக் கூடாது. முவானில் தெற்கு முனைக்கு அப்பால் நிலம் தாழ்ந்து போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு வழிகள். லாரி லாரியாக மண் கொட்டிப் பரப்பு முழுவதையும் ஓடுபாதை மட்டத்துக்குக் கொண்டுவருவது ஒன்று. ஆண்டெனா நிற்கும் இடத்தை மட்டும் மேடாக்குவது இன்னொன்று. முவானில் இரண்டாவதைச் செய்தார்கள். சுமார் 2 மீட்டர் உயர மண்மேடு, உள்ளே கான்கிரீட் தூண்கள், அதன்மேல் ஆண்டெனா.

கான்கிரீட் எதற்கு என்று கேட்பது நியாயம். கடற்காற்றில் ஆண்டெனா ஆடினால் அலைக்கோடு பிசகும். பிசகு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கருவியையே நிறுத்திவைக்க வேண்டும். ஆகவே அசையாத அடித்தளத்தைப் பொறியாளர்கள் விரும்புகிறார்கள். அந்தக் கான்கிரீட்டைத் தரைமட்டத்துக்குக் கீழே புதைத்துவிட்டு, மேலே உடையக்கூடிய கம்பங்களை நிறுத்துவதுதான் சரியான முறை. தரை தாழ்ந்திருந்தால் உயரமான, மோதினால் ஒடியும் இலகுவான கோபுரங்கள் இருக்கின்றன. விலை கூடுதல், பராமரிப்பும் கூடுதல், ஆனால் செய்ய முடியாத காரியம் இல்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் தரப்படி, ஓடுபாதை முடிந்ததும் 60 மீட்டர் ஓடுபாதைப் பட்டை. அதற்கப்பால் முனைப் பாதுகாப்புப் பகுதி: கட்டாயம் 90 மீட்டர், பரிந்துரை 240 மீட்டர். முவானில் அது 199 மீட்டர். அறுபதையும் சேர்த்தால் 259. மேடு இருந்தது 264 மீட்டரில். ஐந்து மீட்டர் வித்தியாசத்தில் மேடு பாதுகாப்புப் பகுதிக்கு வெளியே விழுகிறது. அதனால் உடையக்கூடியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது போக்குவரத்து அமைச்சகம் முதலில் சொன்ன விளக்கம். பாதுகாப்புப் பகுதி லோக்கலைசர் வரை நீள வேண்டும் என்று கொரியாவின் சொந்த விதியே சொல்வதால், அந்த விளக்கம் நெடுநாள் தாங்கவில்லை. விமானம் ஐந்து மீட்டரை அளந்துகொண்டு ஓடுவதில்லை. பரிந்துரைத்த 240 மீட்டரைக் கடைப்பிடித்திருந்தால் பகுதி 300 மீட்டர் வரை போயிருக்கும்; மேடு அதற்குள் அடங்கியிருக்கும்.

இது கவனிக்கப்படாமலும் போகவில்லை. 2007-இல் திறப்பதற்கு முன் நிலையத்தை ஏற்றுக்கொள்ள வந்த கொரிய விமான நிலையக் கழகம் இந்த மேட்டைக் குறையாகச் சுட்டிக்காட்டியது. பிற்கால விரிவாக்கத்தின்போது சரிசெய்துகொள்ளலாம் என்று விடப்பட்டது. பின்னர் ஆண்டெனாவை மாற்றும் வேலை வந்தபோது, வடிவமைப்புக் கோரிக்கையிலேயே உடையும் தன்மையைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். 2023-இல் தொடங்கிய அந்த வேலை முடிந்தபோது மேட்டின்மேல் 30 சென்டிமீட்டர் தடிமனில் கூடுதலாக ஒரு கான்கிரீட் பலகை ஏறியிருந்தது. வேண்டியதற்கு நேர் எதிரானது நடந்தது. கையெழுத்துகள் எல்லாம் இருந்தன. மொத்தக் கதையிலும் மிகவும் வருத்தம் தருவது இதுதான். 2007-இல் பணமில்லை என்றாவது சொல்லலாம். 2023-இல் பணமும் கையில் இருந்தது, வேலையும் அதே இடத்தில் நடந்தது.

ஆண்டெனா உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2018 அக்டோபர் 12 அதிகாலையில் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், அதுவும் போயிங் 737-800, மேலெழும்போது லோக்கலைசர் ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துவிட்டுப் போனது. ஆண்டெனா ஒடிந்து விழுந்தது. அடிவயிறு கிழிந்த விமானம் 136 பேரோடு மும்பையில் பத்திரமாக இறங்கியது. 2010 மே 22 அன்று மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிய விமானத்தின் இறக்கை மோதியது கான்கிரீட்மேல் நின்ற லோக்கலைசர். பிறகு அது பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். இரண்டும் முவான் விபத்துக்கு வெகுமுன்பே நடந்தவை.

விபத்துக்குப் பிறகு நாடு முழுக்கச் சோதித்தபோது 7 நிலையங்களில் 9 லோக்கலைசர்களை மாற்ற வேண்டியிருந்தது தெரிந்தது. முவான், குவாங்ஜு, யோசு, பொஹாங்-கியோங்ஜு ஆகியவற்றில் கான்கிரீட் மேடுகள். கிம்ஹே, சாச்சியோனில் தரைக்கு மேலே துருத்திய அடித்தளங்கள். ஜேஜுவில் தடித்த இரும்புத் தூண்கள். இடம் போதாத நிலையங்களில் விமானத்தை நிறுத்தும் நுரைக் கான்கிரீட் படுக்கை போடவும் திட்டம் வந்தது. சக்கரம் ஏறியதும் நொறுங்கி வேகத்தை விழுங்கும் படுக்கை அது. சக்கரத்தின் எடை ஒரு புள்ளியில் அழுத்துவதை நம்பி வடிவமைத்தது என்பதால், வயிற்றால் சறுக்கி வரும் விமானத்துக்கு அதே பலனைத் தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தடையில்லாத வெற்று நிலத்துக்கு ஈடாக எதுவும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. விபத்தை விசாரித்த வாரியம், நிலையத்தைக் கட்டி அங்கீகரித்த அதே போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருந்தது. குடும்பங்கள் விசாரணையை நம்ப மறுத்ததற்கு அதுவே போதும்.

முவான் 2025 முழுதும் மூடியே இருந்தது. ஓடுபாதை நீட்டிப்பும் ரயில் பாதையும் இனி யாருக்காக என்ற கேள்வி மீண்டும் குவாங்ஜுவின் உள்நாட்டு விமானங்களையே சார்ந்து நிற்கிறது. அவை வராமல் முவான் பிழைக்காது. அவை உண்மையில் வந்து சேரும்வரை புது முனையமோ நீண்ட ஓடுபாதையோ உதவாது.

மற்ற இடங்களிலும் நிலைமை நெருக்கமானதுதான். கிழக்குக் கரையில் 2002-இல் திறந்த யாங்யாங் சர்வதேச நிலையத்துக்கு 2008-09-இல் பல மாதங்கள் ஒரு பயணிகள் விமானம்கூட வரவில்லை. 2019-இல் அதையே தளமாகக் கொண்டு பறக்கத் தொடங்கிய ஃப்ளை காங்வோன் நிறுவனம் 2023 மே மாதம் நின்றுபோனது. உல்ஜினில் கட்டிய நிலையம் பயணிகள் சேவைக்குத் திறக்கவே இல்லை, 2010-இல் விமானிப் பயிற்சி மையமாகிவிட்டது.

அடுத்தது சேமாங்கும். முவானுக்கு வடக்கே, குன்சான் கடற்கரையில் மேட்டுநிலமாக்கிய சேற்றுப் பரப்பில் திட்டமிட்ட நிலையம் அது. செலவிடும் ஒவ்வொரு வோனுக்கும் 0.479 வோன் பலன்தான் வரும் என்று கணக்கு காட்டிய பிறகும், 2019-இல் அது, பெரிய அரசுத் திட்டங்கள் கட்டுப்படியாகுமா என்று முன்கூட்டியே பார்க்கும் முன்சாத்திய ஆய்விலிருந்து விலக்கு பெற்றது. 2025 செப்டம்பர் 11 அன்று சியோல் நிர்வாக நீதிமன்றம் அதன் அடிப்படைத் திட்டத்தை ரத்து செய்தது. பறவை மோதல் ஆபத்தைச் சரியாக மதிப்பிடவில்லை, மதிப்பிட்ட அளவுக்கும் இடத் தேர்வில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது முக்கியக் காரணம். அமைச்சகம் மேல்முறையீடு செய்தது.